மீதம் இல்லை

ஜூன் 9, திங்கள்

இந்த நோட்டை ஜெசிந்தா சிஸ்டர் கொடுத்தார். தர்ணிகா சாப்பிடுவதை முன்பக்கத்திலிருந்து எழுத வேண்டுமாம். என்ன வந்தது, என்ன சாப்பிட்டாள், என்ன மீதம் என்று மூன்று கட்டம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார். பின்பக்கம் சும்மாதான் கிடக்கிறது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பி அங்கிருந்து நான் எழுதுகிறேன். முன்பக்கம் ஆஸ்பத்திரிக்கு, பின்பக்கம் எனக்கு. இரண்டும் நடுவில் முட்டிக்கொள்வதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

தர்ணிகாவுக்கு ஏழு வயது. நெஞ்சில் பிறவியிலேயே ஓட்டை. சளிக் காய்ச்சலோடு வந்தோம், படுக்கச் சொல்லிவிட்டார்கள். காய்ச்சல் சரியாகிவிடும், ஆனால் ஓட்டையை அடைக்க ஆபரேஷன் வேண்டும். அதைச் செய்கிற டாக்டரின் பட்டியலில் ஜூலை 17 அன்று ஓர் இடம் இருக்கிறது. வார்டு டாக்டர் அஃப்ரின் சொன்னார்:

"பதினாறு கிலோ வந்தாத்தான் மயக்க மருந்து கொடுக்க ஒத்துக்குவாங்க. இப்ப பதினஞ்சே கால். முக்கா கிலோ ஏத்திக் காட்டுங்கம்மா. இல்லன்னா அந்த இடம் வேற குழந்தைக்குப் போயிடும். அடுத்த இடம் எப்பன்னு எனக்கே தெரியாது."

முக்கால் கிலோதானே என்றேன். நான் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர். நூற்றிப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தினமும் பரிமாறுகிறவள். எந்தப் பிள்ளைக்கு உண்மையில் பசி, எது வயிறு நிறைந்துவிட்டதாக நடிக்கிறது என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இதுவரை ஒன்றுகூட என்னை ஏமாற்றியதில்லை.

மதியம் டயட் வண்டி வந்தது. தள்ளிக்கொண்டு வருகிறவர் பெயர் ருக்கு. அவர் தர்ணிகாவின் தட்டில் போட்டதும், என் தட்டையும் நீட்டினேன். தெரியாமல்தான்.

"ஒரு கட்டிலுக்கு ஒரு தட்டு" என்றார்.

"கூட இருக்கிறவங்களுக்கு?"

"கூட இருக்கிறவங்க நோயாளி இல்லையே."

நியாயம்தான். தட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் இட்லி மூன்று, பால் ஒரு டம்ளர். தர்ணிகா ஒன்றரை இட்லி சாப்பிட்டுவிட்டு, வயிறு முட்டிவிட்டது என்றாள். மதியம் சோறு, சாம்பார், முட்டை. பாதிச் சோறும் பாதி முட்டையும் தாண்டவில்லை. உப்பு குறைத்த சாப்பாடு, பிள்ளைக்கு ருசிக்காதுதான்.

மிச்சத்தைக் கொட்டுகிற வாளி வார்டு வாசலில் இருக்கிறது. அதுவரை நடந்து போனேன். சோற்றைக் கொட்ட எனக்குக் கை வராது, தொழில் அப்படி. எங்கள் பள்ளிக்கூடத்தில் கடைசிக் கரண்டி வரைக்கும் 'இன்னும் யாருக்கு வேணும்' என்று கேட்டுக் கேட்டு ஊற்றி, பாத்திரத்தைக் கவிழ்த்த பிறகுதான் பதிவேட்டில் எழுதுவோம். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் எட்டு வருடமாக நான் எழுதிவருவது இரண்டே சொல்: மீதம் இல்லை.

தட்டைக் கழுவும்போது அதில் ஒன்றும் இல்லை. முன்பக்கத்தில், மூன்றாவது கட்டத்தில், கை தானாக எழுதிவிட்டது.

ஜூன் 11, புதன்

இட்லி மூன்று. மீதம் இல்லை. சோறு, கூட்டு, முட்டை. மீதம் இல்லை. தர்ணிகா தூங்குகிறாள். பக்கத்துக் கட்டில் செங்கமலத்தின் கைக்குழந்தை தூங்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

செங்கமலம் தர்மபுரிப் பக்கம். ஒன்பது மாதப் பையனுக்கு நிமோனியா என்று வந்து இருபது நாள் ஆகிறதாம். ஆஸ்பத்திரி விவரம் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெரிய கேட் பக்கம் பன்னிரண்டு மணிக்கு ஒரு வேன் வரும், யாரோ புண்ணியவான்கள் கூட இருப்பவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பார்கள் என்று சொன்னாள்.

"நீங்க போவீங்களா?" என்றேன்.

"எங்க போறது? பன்னெண்டுக்குத்தான டாக்டருங்க ரவுண்ட்ஸ் வராங்க. கட்டில் பக்கத்துல ஆள் இல்லன்னா கத்துவாங்க. ரவுண்ட்ஸ் முடிஞ்சு போனா வேனும் போயிடும், அது நின்ன தடம்தான் இருக்கும்."

இன்று ரவுண்ட்ஸ் தாமதம் என்று சொன்னார்கள். தர்ணிகாவை அவளிடம் விட்டுவிட்டு மூன்று மாடி இறங்கி ஓடினேன். வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்ற தாத்தாவோடு பொட்டலம் முடிந்துபோயிற்று. கொடுக்கிற தம்பிக்கு என் முகத்தைப் பார்த்துச் சங்கடமாகிவிட்டது. பெட்டிக்குள் துழாவி, மிஞ்சியிருந்த ஊறுகாய் பாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தான். நான்கு பாக்கெட். எலுமிச்சை.

மேலே வந்தால் டாக்டர் அஃப்ரின் எங்கள் கட்டில் பக்கத்தில் நிற்கிறார்.

"குழந்தைய விட்டுட்டு எங்கம்மா போனீங்க?"

"பாத்ரூம் போயிருந்தனுங்."

"இப்படி மூச்சு வாங்குது?"

"வரிசைங்."

அது பொய்யில்லை.

ஜூன் 16, திங்கள்

எடை போட்டார்கள். பதினைந்தே கால். ஒரு வாரத்தில் ஒரு கிராம் ஏறவில்லை, ஒரு கிராம் இறங்கவும் இல்லை. எடை மிஷின் ரிப்பேர் என்று நினைத்து நான் ஏறிப் பார்த்தேன். மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. என் எடையை இங்கே எழுதவில்லை, நான் நோயாளி இல்லையே.

டாக்டர் நோட்டைப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்துவிட்டது.

"எவ்வளவு சுத்தமா எழுதியிருக்காங்க பாருங்க சிஸ்டர். ஒரு வேளைகூட விடல. ஒரு பருக்கைகூட மீதம் இல்ல."

ஜெசிந்தா சிஸ்டர் என் நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பதினெட்டுக் கட்டிலுக்கும் காட்டினார். "இப்படி எழுதணும். கோகிலவாணியப் பாத்துக் கத்துக்குங்க." பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு வாத்தியார்கூட என் நோட்டை யாருக்கும் காட்டியதில்லை. பின்பக்கத்தைப் புரட்டிவிடுவாரோ என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். புரட்டவில்லை.

எடை ஏறாததற்கு, உடம்பு நோயோடு சண்டை போடுவதுதான் காரணமாக இருக்கும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 18, புதன்

செங்கமலம் கேட்டுவிட்டாள். "ஏம்மா, நீ எப்பத்தான் சாப்புடுவ? நான் பாக்கவே இல்லையே."

"விரதங்க்கா. பாப்பா ஆபரேஷனுக்கு வேண்டிக்கிட்டு இருக்கறனுங்."

போன வெள்ளிக்கிழமை ஜெசிந்தா சிஸ்டர் கேட்டபோது அம்மன் விரதம் என்று சொன்னேன். சனிக்கிழமை பெருமாள். ஞாயிறு சூரியன். திங்கள் சிவன், செவ்வாய் முருகன். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னிக்கி புதன்கிழம. புதன்ல எந்த சாமிக்கு விரதம்?"

"புதனுக்கேதானுங்க்கா. நவக்கிரகத்துல இருக்கறாரில்ல" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "நானும் இருபத்தஞ்சு நாளா விரதந்தான்" என்றாள். "எந்த சாமின்னுதான் தெரியல."

அவளுக்கு ஒரு ஊறுகாய் பாக்கெட் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஜூன் 20, வெள்ளி

வீட்டுக்காரர் போன் செய்தார். போர்வெல் லாரியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். டிரிப் முடிந்து வண்டி ஊர் திரும்பினால்தான் சம்பளம் கைக்கு வரும், எப்போது திரும்பும் என்று பூமிக்கடியில் இருக்கிற தண்ணீருக்குத்தான் தெரியும். நான் லீவில் இருப்பதால் எனக்கும் சம்பளம் இல்லை.

"சாப்டயா?" என்றார்.

"சாப்டனுங்" என்றேன்.

"பாப்பா?"

"அவளும்."

இரண்டு பதிலும் பாதி உண்மை.

ஜூன் 23, திங்கள்

பதினாலு கிலோ தொள்ளாயிரம். குறைந்துவிட்டது.

டாக்டர் அஃப்ரின் நோட்டைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார், மறுபடியும் நோட்டைப் பார்த்தார். பெரிய டாக்டரை அழைத்துவந்தார். அவரும் பார்த்தார். இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். பிறகு பெரிய டாக்டர் என்னிடம் திரும்பினார்.

"இவ்வளவு சாப்பிட்டும் எடை இறங்குதுன்னா சாப்பாடு உடம்புல ஒட்டல. குடல்ல ஏதோ இருக்கு. அத என்னன்னு தெரிஞ்சுக்காம நெஞ்சுல கை வைக்க முடியாது."

"பதினேழாந்தேதி ஆபரேஷனுங்…"

"மொதல்ல இத முடிப்போம்."

ரத்தம் நான்கு குழாய் எடுத்தார்கள். காசநோய் இருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஓர் ஊசி போட்டு, வீங்குகிறதா பாருங்கள் என்று பேனாவால் வட்டம் போட்டார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமென்று காலை இட்லியை நிறுத்திவிட்டார்கள். தர்ணிகா அழவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம் நன்றாக, வட்டமாகவே இருந்தது.

முன்பக்கத்தில் எழுதினேன்: காலை, எதுவும் வரவில்லை. மீதம் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்றைக்கு ஒரு பருக்கை தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். முழுத் தட்டும் அவள் வயிற்றுக்குள் போக வேண்டும்.

மதியம் பாதி சாப்பிட்டாள். "போதும்மா."

"இன்னும் நாலு வாய், அம்மிணி."

"வயிறு நெறஞ்சிருச்சு."

"ரெண்டு வாய்."

"நீ சாப்புடு."

"அம்மா கேண்டீன்ல சாப்டுட்டேன் கண்ணு."

"எப்ப?"

"நீ தூங்கறப்ப."

"நான் தூங்கவே இல்லையே."

வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், மிரட்டினேன். பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற காக்காய் கதை, நரிக் கதை எல்லாம் சொன்னேன். திறக்கவில்லை. அரை மணி நேரம் தட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஈ வந்தது. அதற்குப் பிறகு தட்டைக் கழுவினேன்.

மீதம் இல்லை.

ஜூன் 25, புதன்

வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பதாக முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை. டாக்டர் அஃப்ரின் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார். அதற்கும் மயக்க மருந்து வேண்டும். இவளுக்கு இருக்கிற இதயத்துக்கு அது ஆபத்து இல்லாத விஷயம் இல்லை. ஆனால் வேறு வழி தெரியவில்லை. கையெழுத்துப் போட நாளைக்கு ஒரு காகிதம் தருவார்களாம்.

"நீங்க சரியா எழுதியிருக்கறதாலதான்மா இத இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடிஞ்சுது" என்றார்.

அதைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் கொஞ்சம் உட்கார வேண்டியதாயிற்று. கண் இருட்டியது. யாரோ எழுப்பி, பிரஷர் பார்த்து, குறைவாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். சரிங் என்றேன்.

சொல்லிவிட வேண்டும். என்னவென்று சொல்வது? நோயாளிப் பிள்ளையின் சோற்றை இரண்டு வாரமாகத் தின்றவள் நான்தான் என்றா? பதினெட்டுக் கட்டிலுக்கும் என் நோட்டைக் காட்டியிருக்கிறார்கள். ஊரில் தெரிந்தால் சத்துணவு வேலையில் யார் என்னை வைத்துக்கொள்வார்கள்? கரண்டி பிடிக்கிற கையை நம்பித்தான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

அவளுக்குத்தான் பசி இல்லையே, கொட்டப் போகிறதைத்தானே தின்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ளத்தான் முடிந்தது. எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

மதியம் ரத்த ரிசல்ட் வாங்க லேபுக்குப் போனேன். எல்லாம் நார்மல். திரும்பி வார்டுக்குள் நுழைகிறேன், செங்கமலம் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்:

"எங்க அண்ணன் பழம் வாங்கியாந்துச்சு. உம்பொண்ணு மூணு தின்னுட்டா. நாலாவதுக்கு வேற கண்ணு வெக்கிறா."

தர்ணிகா கட்டிலுக்கு அந்தப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் மெல்வதை நிறுத்திவிட்டாள். அந்தக் கண்ணை நான் பார்த்தேன். நூற்றிப் பன்னிரண்டு பிள்ளைகளிடம் பார்த்த கண்தான். மூன்றாவது தடவை குழம்பு கேட்டு வரிசையில் நிற்கிற கண். இரண்டு வாரமாக என் முன்னாலேயே இருந்திருக்கிறது, நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பசிக்குதா உனக்கு?"

தலையை ஆட்டினாள்.

"தெனமுமா?"

ஆட்டினாள்.

"அப்புறம் ஏண்டி பாதியில வெச்சுட்டுப் போதும் போதும்னே?"

பழத்தை விழுங்கிவிட்டு, எனக்குத்தான் கணக்குத் தெரியாத மாதிரி சொன்னாள்: "அந்த ருக்கு அக்கா ஒரு கட்டிலுக்கு ஒரு தட்டுன்னு சொன்னாங்கல்ல. நீயும் இந்தக் கட்டில்லதான படுக்கற? அதான் பாதி."

நான் அழுதேன். வார்டுக்கு நடுவில், எல்லோரும் பார்க்க, சத்தமாகத்தான் அழுதேன். செங்கமலம் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முதுகைத் தடவினாள். தர்ணிகா நாலாவது பழத்தை எடுத்து உரித்து, இரண்டாக உடைத்து, ஒரு பாதியை என்னிடம் நீட்டினாள். அவளுக்கு அது பழகிவிட்டது.

நான்கு மணிக்கு டாக்டர் அஃப்ரின் காகிதத்தோடு வந்தார். நோட்டைக் கேட்டார். வாய் திறந்து சொல்ல வேண்டும் என்றுதான் நின்றேன். சொல்லாமல், பின்பக்கம் மேலே வரும்படி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னம்மா, தலைகீழா இருக்கு?"

"இல்லீங் டாக்டர். அந்தப் பக்கந்தானுங் நேரா இருக்குது."

அவர் நின்றுகொண்டே படித்தார். முதல் பக்கத்தைத் தாண்டியதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஜெசிந்தா சிஸ்டர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தார். எங்கேயோ ஓர் இடத்தில் சிஸ்டர், "அம்மன் விரதமா? என்கிட்டயே சொன்னியே" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவார்கள், வெளியே போ என்பார்கள், காகிதத்தில் எழுதிக்கொள்வார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் நோட்டை மூடினார். கேட்டது ஒன்றுதான்.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"அரை வாழப்பழமுங்."

"அதுக்கு முன்னாடி?"

"ஊறுகாய்ங்."

கையெழுத்துப் போடச் சொன்ன காகிதத்தை நான்காக மடித்துக் கோட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார். குழாய் விடுவது இல்லை.

ஜூன் 27, வெள்ளி

எனக்குத் திட்டு நிச்சயம் என்று காலையிலேயே தலை வாரித் தயாராக இருந்தேன். வந்த திட்டு வேறு மாதிரி.

டாக்டரும் சிஸ்டரும் முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்து எல்லா நோட்டையும் வாங்கிப் பார்த்தார்கள். பதினெட்டு நோட்டு. போன வாரம் என் நோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார் இல்லையா, எல்லோரும் நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தார்கள். முதல் கட்டில், மீதம் இல்லை. இரண்டாம் கட்டில், மீதம் இல்லை. செங்கமலத்தின் பையனுக்கு இன்னும் முன்பல்கூட முளைக்கவில்லை, அவன் முட்டை சாப்பிட்டிருந்தான். மீதம் இல்லை.

"பல்லில்லாத புள்ள எப்படிம்மா முழு முட்ட தின்னான்?" என்று சிஸ்டர் கேட்டார்.

"சப்பித் தின்னாங்க" என்றாள் செங்கமலம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. டாக்டர் ஒவ்வொரு கட்டிலாக நின்று பிள்ளையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். யாருக்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லை. ஆறாம் கட்டில்காரி, "எனக்கென்னங்க, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

கடைசியில் சிஸ்டர் என்னிடம் வந்தார். "உன்னாலதான் பதினெட்டு நோட்டும் பொய். தெரியுமா?"

"தெரியுங் சிஸ்டர்."

"உன்னாலதான் அது தெரிஞ்சதும்" என்றார். அதே குரலில்தான் சொன்னார், அதனால் அது பாராட்டு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஸ்கேலை எடுத்து எல்லா நோட்டிலும் நான்காவதாக ஒரு கட்டம் போட்டார். மேலே 'அம்மா' என்று எழுதினார்.

ஜூன் 28, சனி

கூட இருப்பவர்களுக்குச் சாப்பாடு போட ஆஸ்பத்திரியில் சட்டம் கிடையாதாம். கேட்டு எழுதியிருக்கிறார்கள், பதில் வர நாளாகும். அதனால் டாக்டர் சட்டத்துக்குள் என்ன உண்டோ அதைச் செய்தார். இரண்டு காரியம்.

ஒன்று, எடை குறைந்த பிள்ளைகளின் டயட் சீட்டில் 'இரட்டை அளவு' என்று எழுதிவிட்டார். இரண்டு, மதிய ரவுண்ட்ஸைப் பதினோரு மணிக்கு மாற்றிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு வார்டில் பாதிப் பேர் இல்லை, எல்லோரும் வேன் பக்கம். பொட்டலத்தில் புளிசாதம். என்னிடம் ஊறுகாய் இருந்தது.

ருக்கு அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்துனூண்டு புள்ள இரட்ட அளவு திங்குமா?"

"திங்குங்" என்றேன்.

"எனக்கென்ன. சீட்டுல இருக்கறது தட்டுல." ஆறு இட்லி வைத்தார்.

தர்ணிகா எண்ணிப் பார்த்தாள். மூன்றை எடுத்துக்கொண்டு மூன்றை என் பக்கம் தள்ளினாள். தன்னுடைய மூன்றையும் தின்று முடித்துவிட்டு, என்னுடையதில் ஒன்றையும் எடுத்துக்கொண்டாள்.

"பாதின்னயே?"

"அது பழைய கணக்கு."

ஜூன் 30, திங்கள்

பதினைந்து கிலோ நூறு. நோட்டின் நான்காவது கட்டத்தில் நான் சாப்பிட்டதை எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி. பார்க்கிறாள்தான். தர்ணிகா தினமும் வாங்கிச் சரிபார்க்கிறாள்.

ஜூலை 3, வியாழன்

செங்கமலம் வீட்டுக்குப் போய்விட்டாள். பையனுக்கு முன்பல் எட்டிப் பார்க்கிறது. போகும்போது அந்த ஊறுகாய் பாக்கெட்டை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள், பிரிக்கவே இல்லை. "ஊர்ல போயி சோத்தோட தின்னணும்னு வெச்சிருக்கேன்" என்றாள்.

ஜூலை 7, திங்கள்

பதினைந்து அறுநூறு. வீட்டுக்காரர் போன் செய்தார். சாப்டயா என்றார். இட்லி இரண்டு, புளிசாதம், சுண்டல் என்று நோட்டைப் பார்த்துப் படித்தேன். பதினேழாம் தேதிக்குள் லாரியை விட்டுவிட்டாவது வந்துவிடுகிறேன் என்றார்.

ஜூலை 14, திங்கள்

பதினாறு கிலோ ஐம்பது கிராம்.

சிஸ்டர் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தார். பதினாறு ஐம்பது. சட்டைப் பாக்கெட்டில் ஏதாவது வைத்திருக்கிறாளா என்று பார்த்தார். இல்லை. இதுவரை இந்த மிஷின் காட்டிய எண்களில் இதுதான் அழகு.

ஜூலை 17, வியாழன்

விடிந்ததிலிருந்து தர்ணிகாவுக்குத் தண்ணீர்கூடக் கூடாது. ஏழரைக்கு ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். பச்சைத் துணிக்குள் அவள் இன்னும் சிறிசாகத் தெரிந்தாள். லிஃப்ட் வரைக்கும் கூடவே போனேன். பயமாக இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், எனக்குத்தான் இருந்தது.

"நான் வாரதுக்குள்ள நீ சாப்புட்டிருக்கோணும்" என்றாள். "நோட்டுல எழுதி வெய்யி. நான் வந்து பாப்பேன்."

லிஃப்ட் மூடிக்கொண்டது.

வீட்டுக்காரரின் பஸ் இன்னும் வரவில்லை. காலி கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். டயட் வண்டி வந்தது. ருக்கு அக்கா தட்டை எடுத்து இட்லி வைக்க ஆரம்பித்தார்.

"பாப்பா இல்லீங்க்கா. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"ஒரு கட்டிலுக்கு ஒரு தட்டு" என்றார். "கட்டில் இங்கதான இருக்கு?" பாப்பா இல்லாததால் ஆறுக்குப் பதில் நான்கு இட்லி வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

சாப்பிட்டேன். உத்தரவாயிற்றே. இரண்டுக்கு மேல் இறங்கவில்லை. நோட்டை எடுத்து எழுதினேன். பொய் எழுதக் கூடாது என்பதால் அப்படியே எழுதினேன். வந்தது: இட்லி நான்கு. அம்மா: இரண்டு. மீதம்: இரண்டு.

எட்டு வருடத்தில் அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் எண் இதுதான்.

மாலை மூன்றரை மணி. டாக்டர் அஃப்ரின் தானே வந்து சொன்னார். ஓட்டையை அடைத்தாயிற்று, நெஞ்சு ஒழுங்காகத் துடிக்கிறது. வீட்டுக்காரர் அப்போதுதான் பையோடு படியேறி வந்து நின்றார். அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு என் முகமே போதுமாக இருந்தது.

ஜூலை 19, சனி

ஐ.சி.யு.வுக்குள் ஐந்து நிமிடம் விட்டார்கள். கண்ணைத் திறந்து பார்த்தாள். பேசவில்லை. கையைத் தூக்கி, விரல்களைக் குவித்து வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். அவளுக்குத்தான் பசிக்கிறது என்று சிஸ்டர் நினைத்தார். எனக்குப் புரிந்தது. சாப்பிட்டேன் என்று தலையாட்டினேன்.

ஜூலை 21, திங்கள்

பதினோராம் கட்டிலுக்கே திரும்பி வந்துவிட்டாள். நெஞ்சில் நீளமாகக் கட்டு. உதட்டில் நல்ல சிவப்பு வந்திருக்கிறது, இந்த நிறத்தை நான் இவளிடம் பார்த்ததே இல்லை. முதல் வேலையாக நோட்டைக் கேட்டாள்.

விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். பதினேழாம் தேதியில் விரல் நின்றது.

"மீதம் ரெண்டுன்னு போட்டிருக்குது."

"ஆமாங் கண்ணு. அன்னைக்கு எறங்கல."

"அந்த ரெண்டு என்னாச்சு? கொட்டிட்டயா?"

"கொட்டுவேனா? நீ நல்லா இருக்கறேன்னு டாக்டர் வந்து சொன்னாங்கல்ல, அப்ப தின்னேன். உங்கப்பாவுக்குக்கூட குடுக்கல."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

கொஞ்சம் யோசித்தாள். பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அப்பறம் ஏன் தப்பா எழுதி வெச்சிருக்கற? அடிச்சுட்டுச் சரியா எழுது."

அடித்துவிட்டு எழுதினேன்.

மீதம் இல்லை.